கப்பலேறிப் போனவருக்கு ஓர் இலை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி அமாவாசை அன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது.

வருஷா வருஷம் அன்றைக்கு வீட்டுக் கூடத்தில் முன்னோர்களுக்குப் படைப்போம். அதோடு பின்னால் தோட்டத்தில், கடல் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்துத் தனியாக ஓர் இலையும் போடுவோம். அது கப்பலேறிப் போனவருக்கு. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில், இங்கிருந்து நடந்தே அங்கு போய், கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவராம். பெயரும் தெரியாது, எங்கே போனார் என்றும் தெரியாது. அந்த இலைச் சோற்றை நாங்கள் யாரும் தொட மாட்டோம்; மாட்டுக்குப் போகும். கல்யாணமாகி வந்த புதிதில், முகம் தெரியாத ஆளுக்கு வடை வேறா என்று முணுமுணுத்திருக்கிறேன்.

அன்று பார்த்துக் காக்காய் வரவில்லை. காக்காய் எடுக்காமல் நாங்கள் சாப்பிட முடியாது. என் சின்ன மாமனார் பசி தாங்காமல் மதிலைப் பிடித்துக்கொண்டு "கா... கா..." என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

பாண்டிச்சேரியை ஒட்டின கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் இறங்கினார். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள்தான், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன ரீயூனியன் தீவிலிருந்து வந்திருக்கிறாராம். அங்கேயும் பிரெஞ்சுதான் பேச்சு. பாய் பல வருஷம் பிரான்ஸில் வேலை பார்த்தவர் என்பதால் பேச்சுத் துணைக்கு வந்திருந்தார்.

"இவங்க பாட்டனுக்குப் பாட்டன் திண்டிவனம் பக்கத்துல ஏதோ ஊராம்மா. காலையிலேர்ந்து ஊர் ஊராக் கேட்டுக்கினு வர்றோம், எல்லாரும் தெரியாதுன்னுட்டாங்க. நாளைக்கு பிளைட்டு. கப்பல்ல போன ஆளு இந்த வூட்ல யாருனா உண்டா? சொல்லிட்டீங்கன்னா ஜல்தியா கெளம்பிடறோம்" என்றார்.

படையல் முடியாத நேரத்தில் வெளியாளா என்று எரிச்சல்தான். ஆனாலும் அந்த அம்மா முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. முகம் கழுவ இருவரையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். தனியாகக் கிடந்த இலையைப் பார்த்து நின்றுவிட்டார். யாருக்கு என்று பாய் மூலம் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

சின்ன மாமனார் என்னை ஓரமாக இழுத்தார். "உன் வாய் சும்மா இருக்காதாம்மா? நாளைக்கே நெலத்துல பங்கு கேட்டு வந்து நிப்பாங்க. எத்தினி வூட்லேர்ந்து எத்தினி பேர் கப்பலேறினான்! நம்ப ஆளுதான்னு இன்னா அத்தாட்சி?"

அவர் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். பாய்க்கும் கேட்டிருக்கும், நல்லவேளை, அதை அவர் பிரெஞ்சில் சொல்லவில்லை. சின்ன மாமனார் கேட்டதிலும் தப்பில்லை. கப்பலில் போனவர் என்று அந்த அம்மா சொன்ன பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். பாய் கொஞ்சம் தயங்கினார். "அவங்க வூட்லயும் வருசத்துக்கு ஒரு தடவ கடலைப் பார்த்து இப்டி ஒரு எல போடுவாங்களாம்மா."

"யாருக்கு?" என்றேன்.

"ஊர்லயே நின்னுட்டவங்களுக்காம். உங்களுக்குத்தாம்மா. பஞ்சத்துல எல்லாரும் செத்துருப்பாங்க, படைக்கக்கூட ஆள் இருக்காதுன்னு."

சின்ன மாமனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க செத்துட்டோமா? குத்துக்கல்லாட்டம் இருக்கோம்னு சொல்லு பாய்!"

பாய் சொன்னார். அழுதுகொண்டிருந்த அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ பதில் சொன்னார். "போனவரும் லேசுல சாவலியாம். வூடு நெறையப் புள்ள பெத்து, பேரன் கல்யாணத்தைப் பார்த்துட்டுத்தான் கண்ண மூடினாராம்" என்றார் பாய்.

அவர் பசியோடு செத்திருப்பார் என்று நாங்கள் சோறு வைக்க, நாங்கள் பசியில் செத்திருப்போம் என்று அவர்கள் சோறு வைக்க, தலைமுறை தலைமுறையாக இப்படியே போயிருக்கிறது.

சின்ன மாமனார் அந்த இலைக்குப் பக்கத்தில் போனார். பிறகு குனிந்து எடுத்து, சோற்றோடு மாட்டுத் தொட்டியில் போட்டார். விரட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"உசுரோட வந்தவங்களுக்கு இன்னாத்துக்குத் தோட்டத்துல எல? உள்ள நம்ப வரிசையில ஒண்ணு போடும்மா. படைக்காததுல எடுத்து பாய்க்கும் போடு" என்றார்.

காக்காய் வந்ததா என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா எங்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு இலை நறுக்கும்போது எனக்குக் குழப்பம். "தோட்டத்துக்கு இனிமே எல வேணுமா மாமா? அதான் வந்துட்டாங்களே" என்றேன்.

"வந்தது ஒருத்தங்க. போனவங்கள்லாம் வந்துட்டாங்களா? போடு" என்றார்.

அந்த அம்மா எங்கள் ரத்தம்தானா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் அந்த இலையில் வடை வைக்கும்போது, செத்தவருக்குப் படைக்கிறேன் என்று எனக்குத் தோன்றுவதில்லை. வீடு வந்து சேர நேரமாகிற ஒருவருக்குச் சோறு எடுத்து வைக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.