கருவாடு காட்டி எடுத்த எச்சில்

ஒத்துக்கொள்கிறேன். இன்று மிருக வைத்தியரிடம் நாய்க்கு முன்னால் எனக்குத்தான் வாயூறியது.

எங்கள் ஜிம்மிக்கு வாயில் புற்றுநோய். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய மாதாமாதம் எச்சில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். இன்று அதன் வாய் காய்ந்து கிடந்தது. சட்டைப் பையிலிருந்த கட்டாக் கருவாட்டை அதன் மூக்குக்கு நேரே ஆட்டினேன். இரண்டு பேருக்கும் ஊறியது.

மத்தியானச் சோற்றுப் பார்சலை மேசையில் பிரித்து வைத்திருந்த டொக்டர் சிரித்தார். "அண்ணே, உங்கட எச்சிலையும் அனுப்பட்டா?"

"அனுப்புங்க டொக்டர், எவ்வளவு பொய் இருக்கெண்டு பார்ப்பம்."

பிறகு போன மாத முடிவை வாசித்தார். "நோயின்ட அடையாளம் நல்லாக் குறைஞ்சிட்டு. மருந்து வேலை செய்யுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாகக் கஞ்சியை மட்டும் நக்கிய நாய்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஜிம்மி வாயை நக்கிக்கொண்டிருந்தது. டொக்டரின் மத்தியானச் சோற்றுப் பார்சலில் தாள் மட்டும் இருந்தது.