எட்டு மணி மாத்திரை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் நகருக்குச் சேவைப் பைத்தியம் பிடித்துவிடும். மற்ற மாதமெல்லாம் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுகூடக் கேட்காதவர்கள், வெயில் ஏற ஆரம்பித்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார்கள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் முந்நூறு வீடுகள்தான் எங்கள் நகர். ஏரிக்கரையில் குப்பை பொறுக்குவது, வாய்க்கால் தூர் எடுப்பது, தெருநாய்களுக்குத் தடுப்பூசி, உத்திரத்தன்று மலை சுற்ற வருகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல், அதற்கு அடுத்த ஞாயிறு இலவச மருத்துவ முகாம் என்று வரிசையாகப் போட்டு, நலச் சங்கத் தலைவர் இராமலிங்கம் நோட்டீஸ் அடிப்பார். அதில் அவருடைய போட்டோ பெரிதாக இருக்கும், முகாம் நடக்கும் இடம் பொடி எழுத்தில் இருக்கும். நான் சங்கத்தின் செயலாளர். அதாவது, நாற்காலி வாடகைக்கு எடுத்து வருகிறவன்.

உண்மையில் வேலை செய்தவள் அருணாதேவி. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போட்ட குடும்பத்தில் பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். புருஷன் பெயர் திருமலை, வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை, இருமல் நின்றதும் இரண்டாவது மாதத்திலேயே விட்டுவிட்டார். ஞாபகம் வந்தால் போடுவார், வராவிட்டால் இல்லை. நோய் திரும்பி வந்தபோது எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. இருபத்தாறு வயதில் கைப்பிள்ளையோடு நின்ற அருணாதேவி, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

மருந்து நேரம் என்று வந்துவிட்டால் அவளிடம் தாட்சண்யமே கிடையாது. "மறந்துட்டேன்" என்று யாராவது சொன்னால் போதும், கடை என்றும் பார்க்காமல் வாரு வாரு என்று வாரிவிடுவாள். "சோறு மறக்குதா உனக்கு? டிவி மறக்குதா? இது மட்டும் மறந்துடுமா?" என்பாள். திட்டு வாங்கியவர்களும் அவளைத் தேடித்தான் வருவார்கள். டாக்டர் கிறுக்கியதை அவள் சொல்லிக் கேட்டால்தான் எங்கள் நகரில் பாதிப் பேருக்கு மாத்திரை தொண்டைக்குள் இறங்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துக் கவரின் மேல் பேனாவால் சூரியனும் பிறையும் போட்டு, பக்கத்தில் மணி எழுதிக் கொடுப்பாள்.

அவளுக்கு இங்கே நெருங்கிய சிநேகிதி என்றால் பத்மினியம்மாள்தான். அறுபத்தேழு வயது. ஆரணிப் பக்கத்து ஜைனக் கிராமத்திலிருந்து மகன் வர்த்தமானனோடு வந்து எங்கள் தெருவில் குடியேறியவர். வர்த்தமானன் சர்வே ஆபீசில் வேலை பார்க்கிறார். அவர் மனைவிக்குப் பெங்களூரில் உத்தியோகம், சனி ஞாயிறு வந்து போவார். மற்ற நாளில் அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். நீர்மோர்ப் பந்தலில் அண்டா வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீரை வடிகட்டுவது பத்மினியம்மாளின் வேலை. ஒரு புழு பூச்சிகூடச் சாகக் கூடாது அவருக்கு.

பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார். ஜைனர்களில் இப்போது எல்லாரும் அப்படி இல்லை. அவர் கல்யாணமான வருஷம் எடுத்த விரதம், ஐம்பது வருஷமாக விடவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குத் தட்டு வைத்தால் ஆறுக்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அதற்கப்புறம் தண்ணீரும் மருந்தும் ஆகும், ஆகாரம் ஆகாது. தெருவுக்கே இது தெரியும். "பத்மினிம்மா தட்டு கழுவிட்டாங்க, விளக்கேத்துங்கடி" என்று பெண்கள் கேலி பேசுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். தெருவுக்கே தெரிந்த விஷயம் என்பதை நான் அழுத்தித்தான் சொல்கிறேன்.

போன வருஷ முகாமில் பத்மினியம்மாளுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று தெரிந்தது. அக்காவின் வற்புறுத்தலில் ஊரிலிருந்து வந்திருந்த தம்பி ஜினசேனனுக்கும் அப்படியே. வெளியூர் டாக்டர் ஒருவர் இருந்தார், வாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் என்று இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையை எழுதினார். சீட்டு அருணாதேவியின் மேஜைக்கு வந்தது. பக்கத்தில் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"தேவி, நான் பொழுதோட சாப்ட்டுடுவேனே. அப்பவே இதையும் போட்டுக்கட்டுமா?" என்று பத்மினியம்மாள் கேட்டார்.

அருணாதேவி தலை நிமிரவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் இடித்துக்கொண்டிருந்தார்கள். "அதெல்லாம் ஆகாதும்மா. காலைல எட்டு மணின்னா ராத்திரியும் எட்டு மணிதான். நடுவுல பன்னெண்டு மணி நேரம் இருக்கணும். உங்க இஷ்டத்துக்கு மாத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கவரில் சூரியனும் பிறையும் வரைந்து, இரண்டுக்கும் பக்கத்தில் எட்டு என்று எழுதினாள்.

"சரிம்மா. நீ சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்று அவர் வாங்கிக்கொண்டார். தம்பியும் அப்படியே வாங்கிக்கொண்டார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் பொழுதோடு சாப்பிடுகிறவர் என்பது எனக்கும் தெரியும். அடுத்த பெயரை எழுதப் போய்விட்டேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை பத்மினியம்மாள் எழுந்திருக்கவில்லை. வந்து பார்த்த டாக்டர், தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார். "கொடுத்து வெச்சவங்க. ஒரு நாள் படுக்கல, ஒருத்தருக்குத் தொல்லை இல்ல" என்று தெருவே சொன்னது. எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் அருணாதேவிதான். அன்றைக்கு அவளுக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் நானும் அவளும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். துக்கத்துக்கு வந்த ஜினசேனன் அங்கேயே தங்கியிருந்தார். முகாமில் வாங்கிய மாத்திரையை அவர் அக்கா வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அது கண்ணில் பட, இரண்டு நாளாகத்தான் போட ஆரம்பித்திருந்தார்.

"இன்னான்னே தெரியல. ரெண்டு நாளா ராத்திரி பத்து மணி ஆனா சட்டை நனையற மாதிரி வேர்க்குது, கை தந்தி அடிக்குது. இன்னிக்குக் காலைல வர்த்தமானன் தண்ணி தெளிச்சுதான் எழுப்பினான். அக்கா கூப்புடுறா போல" என்று சொல்லிச் சிரித்தார்.

அருணாதேவி கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமா, நேத்து எப்ப சாப்டீங்க?"

"அக்கா வீட்டுல இன்னா ராத்திரிச் சாப்பாடு? பொழுதோட சாப்ட்டாச்சு."

"மாத்திரை?"

"நீ சொன்னபடி எட்டு மணிக்கு. அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆகல."

அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த மாத்திரை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இறக்குவது. போட்டதும் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விடும். வேர்க்கும், நடுங்கும், அடங்காத பசி எடுக்கும். அப்போதும் ஒன்றும் சாப்பிடாமல் படுத்தால் வயசானவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இதை அவள் அந்தக் கடையில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த இரண்டு பேருக்குச் சொன்னது மட்டும் பன்னிரண்டு மணி நேரக் கணக்கு.

ஜினசேனனிடமிருந்து மாத்திரையை அப்போதே பிடுங்கிக்கொண்டாள். "உங்களுக்கு இது ஒத்துக்கல மாமா" என்று மட்டும் சொல்லி, வேறு டாக்டரிடம் அனுப்பினாள். அவர் பிழைத்தார். பிறகு என் பதிவேட்டைப் புரட்டி, அந்தச் சமூகத்தில் அதே மாத்திரை வாங்கிய இன்னும் மூன்று பேரைக் கண்டுபிடித்தோம். என் ஸ்கூட்டரில் ஒவ்வொரு வீடாகப் போனோம். இரண்டு பேர் ராத்திரி எட்டரைக்கு நம்மைப் போலவே சாப்பிடுகிறவர்கள். ஒரு அம்மாள் கவரைப் பிரிக்கவே இல்லை. "சோம்பேறித்தனந்தாம்மா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் ஆயுளில் முதல் தடவையாக, மாத்திரை போடாத ஒருவரை அருணாதேவி திட்டாமல் வந்தாள்.

இராமலிங்கத்திடம் சொன்னோம். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "எழுதினது டாக்டரு. நீ இன்னா பண்ணுவ? ஹார்ட்டுன்னு சொல்லிட்டாங்க, எரிச்சாச்சு. இப்பப் போயி வாயத் தொறந்தா அடுத்த வருஷம் ஒருத்தன் முகாமுக்கு வர மாட்டான். ஊருக்கு நல்லது பண்றதே நின்னுடும். பேசாம இரு" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் போனோம். ஆனால் நானும், "இனிமே யாருக்கும் ஆபத்து இல்லயே தேவி, விட்டுடு" என்றேன். எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

விட்டிருப்பாளோ என்னவோ. பதினெட்டாம் நாள் வர்த்தமானனே அவள் வீடு தேடி வந்தார். "இனிமே வருஷா வருஷம் முகாமை அம்மா பேர்ல நடத்தலாம்னு இருக்கேங்க. செலவு என்னுது. மாத்திரை குடுக்கற டேபிள்ல நீங்கதான் உக்காரணும். அம்மாவுக்கு உங்க மேல அவ்ளோ நம்பிக்கை" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றாள். "கூட வாங்கண்ணா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்."

போனோம். வர்த்தமானன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. "தம்பி, அம்மா ஹார்ட்டு நின்னு போவல. நான் சொன்ன மாத்திரையால போய்ட்டாங்க. பொழுதோட சாப்புடறேன், அப்பவே போட்டுக்கட்டுமான்னு என்னைக் கேட்டாங்க. நான்தான் எட்டு மணின்னேன். வெறும் வயித்துல சக்கரை இறங்கிப் போச்சு. உங்க மாமாவுக்கும் அதேதான் ஆச்சு. என்னை இன்னா பண்ணணுமோ பண்ணுங்க, போலீசுக்குப் போறதுன்னாலும் வரேன்" என்றாள்.

கத்துவார், கையை ஓங்குவார் என்றெல்லாம் நினைத்து நான் முன்னால் நகர்ந்தேன். அவர் மெதுவாகப் பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "வேர்க்குமா?" என்று கேட்டார். "பசிக்குமா?"

"ஆமா தம்பி."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினாங்க. பசிக்குதுடா, ஒரு மாதிரி நடுங்குது, ஒரு டம்ளர் சக்கரைத் தண்ணி கலக்கிக் குடுன்னாங்க. ராத்திரியில பசின்னு அம்மா சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. உடம்புக்கு வந்துடுச்சுன்னு பயப்படல. விரதம் போயிடுமேன்னு பயந்துட்டேன். அம்பது வருஷம்மா, வெறும் தண்ணின்னா குடி, சக்கரை போட்டா அது ஆகாரமாயிடும், காலைல நீதான் அழுவ, ராத்திரி மட்டும் பொறுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். என் மூஞ்சியையே பாத்துனு இருந்தாங்க. அப்புறம், ஆமா, நல்ல வேளை ஞாபகப்படுத்தினன்னு சொல்லிட்டு வெறும் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தாங்க."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி மூச்சு வரைக்கும் அம்மா விரதத்தை நான் காப்பாத்திக் குடுத்தேன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னேங்க. பெருமையா சொன்னேன்." அவர் தலை தூக்கி அருணாதேவியைப் பார்த்தார். "அந்தச் சக்கரைத் தண்ணிய நான் குடுத்திருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

பாரத்தை இறக்கி வைக்க வந்தவள் அவள். அது நேராக அவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் அவளைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல தம்பி" என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. கடையில் மருந்து விவரம் சொல்லும் அதே குரல். "அந்த நேரத்துக்கு அதெல்லாம் பத்தாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் கஷ்டம்தான். உங்க மேல தப்பே இல்ல."

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது எழுந்து வாசல் வரைக்கும்கூட வந்தார்.

தெருமுனை வரைக்கும் அவள் வேகமாக நடந்தாள். வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஒரு டம்ளர் போதும்ணா" என்றாள். "அந்த ஒரு டம்ளர் போதும்."