ஹங்கேரியக் குரலில் ஓர் அழுகை

ஹங்கேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு இன்றும் சட்டென்று சொல்ல வராது. ஆனால் அந்த நாட்டுப் பெண் ஒருத்தியின் குரலை, இடையில் அவள் மூச்சு வாங்குவதை, தண்ணீர் விழுங்குவதை, இரண்டு வருடம் நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

ரங்கூனில், தாமுவே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் எங்களுக்கு வேலை. எழுத்தைக் கொடுத்தால் வாய்விட்டு வாசிக்கிற இயந்திரத்துக்கு ஹங்கேரிய மொழி பழக்கிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, அதில் அலுப்பான பகுதியை எங்களிடம் தள்ளியிருந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு, எந்த ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திரையில் கோடு போடவேண்டும். நாங்கள் ஐந்து பெண்கள். மொழி தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும் என்றார்கள். மொழி தெரிந்தவர்கள் இந்தக் கூலிக்கு வரமாட்டார்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

மற்ற நால்வரும் தடுமாறிய இடத்தில் நான் தடுமாறவில்லை. ஹங்கேரியத்திலும் குறில் நெடில் உண்டு. கெரெக் என்றால் வட்டமானது. கேரெக் என்றால் கேட்டுக்கொள்கிறேன். அர்த்தமெல்லாம் நானாகத் தேடிப் பார்த்தது. சின்ன வயதில் கோயில் தமிழ் வகுப்பில் எ, ஏ என்று கத்திப் படித்தது, வேறெதற்கும் உதவாமல், இதற்கு உதவியது. வீட்டில் அம்மாவிடமே நான் பாதி பர்மியில்தான் பேசுவேன்.

"கேரெக்னா கேக்கிறேன்னு அர்த்தம். நம்ம பேச்சு மாதிரியே இருக்கில்ல?" என்றேன் அம்மாவிடம்.

"உன் தமிழை மெச்ச ஹங்கேரிக்காரன்தான் வரணும்" என்றாள் அம்மா.

குரல் கொடுத்த பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கோப்பில் ஓர் எண் மட்டும். ஆனாலும் ஆள் பழகிவிட்டாள். வாக்கியம் தப்பினால் 'ச்சு' என்பாள். சில நாள் தொண்டை கட்டியிருக்கும். அப்போது எனக்கே இருமல் வரும்போல் இருக்கும்.

இரண்டாம் வருடம் கம்பெனி உணர்ச்சியுள்ள குரல் கேட்டது. மகிழ்ச்சி, கோபம், துக்கம். துக்கக் கோப்புகள் என் பங்குக்கு வந்தன. எல்லாம் நடிப்புத் துக்கம். குரலைத் தாழ்த்தி இழுத்துப் பேசுவாள், அவ்வளவுதான். ஒரு கோப்பில் மட்டும், அம்மா சாயங்காலம் வீட்டில் இருப்பாள் என்று ஒரு சாதாரண வாக்கியம். பாதியில் நின்றாள். காகிதத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அழுதாள். மூக்கடைத்து, மூச்சு கிடைக்காமல், ஒலிவாங்கி இருப்பதையே மறந்து அழுதாள். கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகச் சொன்னாள்: "கேரெம், எஸ்த் நெ."

தயவுசெய்து, இது வேண்டாம். அவ்வளவு ஹங்கேரியம் எனக்கு அதற்குள் வந்திருந்தது.

'பயன்படுத்தக் கூடாது' என்று குறித்து, காரணமும் எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. பேச்சை வெட்டிவிட்டு, அழுகையை 'உண்மைத் துக்கம்' என்று குறிக்கவேண்டுமாம். இப்படி ஒன்று கிடைப்பது அரிது என்று பாராட்டு வேறு.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பர்மிய அம்மாள். டீச்சர் என்பதுபோல மரியாதைக்கு நாங்கள் சயாமா என்போம். அவர் என்னைத் தங்கச்சி முறை வைத்து ஞீமா என்பார். அவரிடம் போனேன்.

"சயாமா, அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்றா."

"எந்த பாஷையில சொல்றா?"

"அவ பாஷையிலதான்."

"உனக்கு அந்த பாஷை தெரியாது, ஞீமா. தெரியாதுன்னுதான் உன்னை வேலைக்கு எடுத்திருக்கு."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் வேறு வேலை எங்கே இருக்கிறது?

உட்கார்ந்தேன். தினமும் கரண்ட் வெட்டுகிற நேரத்துக்கு இன்னும் அரைமணி இருந்தது. மெதுவாகச் செய்து அன்றைக்காவது தள்ளிப்போட்டிருக்கலாம். நான் வேகமாகச் செய்தேன். ஒவ்வொரு விம்மலுக்கும் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. கடைசியில் அவள் கேட்டுக்கொண்ட அந்த மூன்று சொல்லை வெட்டி எறிந்தேன்.

சில மாதம் கழித்து முடிந்த குரலை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். துக்கக் குரலுக்கு ஒரு மாதிரி வாக்கியம் வைத்திருந்தார்கள்: உங்கள் பார்சல் வர இரண்டு நாள் தாமதமாகும். அதை இயந்திரம் வாசித்தது. நடுவில், அவள் மூச்சு கிடைக்காமல் திணறிய அதே திணறல். பக்கத்தில் இருந்தவள், "எவ்வளவு நிஜமா இருக்கு!" என்று கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றைக்குக் கம்பெனிக்கு நேராக ஒரு கடிதம் எழுதினேன். அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அது சரிதான். கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தேன்.

வேலையை விட்டாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? விடவில்லை. அடுத்து ஃபின்னிஷ் வந்தது. ஓர் ஆண் குரல். இன்னும் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மொழியில் ஒரு சொல்லுக்குக்கூட நான் அர்த்தம் தேடவில்லை.