பறையை ஏற்றிய இடம்

மகள் தன் அறையில் ஒரு நாட்டுப்பாடலைக் கம்ப்யூட்டரில் மிக்ஸிங் செய்து பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஹெட்போனை என் தலையில் மாட்டி, "அப்பா, வாய்ஸ் முன்னாடி இருக்கா, கிட்டார் முன்னாடி இருக்கா?" என்று கேட்டாள். ஹெட்போனில் ஸ்பிரிட் வாடை அடித்தது, இப்போதுதான் துடைத்திருக்கிறாள் போல.

அந்த வாடையில்தான் எண்பதுகளில் நாலு வருஷம் அரூரில் பிழைத்தேன். கேசட் ரெக்கார்டிங் கடை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ரெக்கார்டரில் டேப் உரசும் ஹெட்டைத் துடைப்பதும், கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்பதும் என் வேலை. சத்தங்களைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்சரை முதலாளி தொட விடமாட்டார். நானோ பெரிய சவுண்ட் இன்ஜினியர் நினைப்பில் சட்டைப் பையில் டெஸ்டர் செருகிக்கொண்டு திரிவேன். அதை வைத்து ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியதில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் ஊர்க்காரர் கடைக்கு வந்தார். "அப்பாவுக்கு ரொம்ப முடியல தம்பி. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு, கெளம்பு" என்றார். ஓடிக்கொண்டிருந்த கேசட்டில் ஒரு பக்கம் பாக்கி. முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பைநல்லூர் பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம்தான். ஊரில் இறங்கியபோது தெருமுனையிலேயே பறை கேட்டது.

அழுகை வரவில்லை. வராதது எனக்கே பயமாக இருந்தது. பையில் என் டேப் ரெக்கார்டர் இருந்தது. கைக்கு வேறு வேலை தெரியாமல் பட்டனை அழுத்தினேன். உள்ளே அம்மா வைத்த ஒப்பாரி ஒரு கேசட், வாசலில் அடித்த பறை இன்னொரு கேசட்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதைப் போடலாம் என்று மாமா சொன்னார். அரூரில் என் வாடகை அறையில், இரவல் வாங்கியதும் சேர்த்து மூன்று டேப் ரெக்கார்டர் பெட்டிகளை வைத்து மிக்ஸிங் தொடங்கியது. ஒரு பெட்டியில் அம்மா பாடுவார், ஒரு பெட்டியில் பறை அடிக்கும், எதிரே மூன்றாவது பெட்டி பதியும். குரல் ஏற வேண்டுமென்றால் அம்மாவின் பெட்டியை ஒரு சாண் முன்னே நகர்த்த வேண்டும். முதல் மிக்ஸிங்கில் பக்கத்து வீட்டு ஆடு மட்டும் தெளிவாகக் கேட்டது. ஜன்னலில் போர்வையைக் கட்டினேன்.

எங்கள் பக்கம் ஒப்பாரியில் பெண்கள் யாரை வேண்டுமானாலும் குறை சொல்லலாம். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

*கூப்புட்ட கொரலுக்குக் கூடத்துல ஆளில்ல
பெத்த மவன் பேரச் சொல்லிப் பேச்சடங்கிப் போனீங்களே*

குரல் பிசிறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு பத்துத் தடவை இதைக் கேட்டிருப்பேன். அப்புறம்தான் என்னைச் சொல்கிறார் என்று உறைத்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் பறைப் பெட்டியை முன்னால் நகர்த்தியது, அந்த வரி முடிந்ததும் பின்னால் இழுத்தது. அசல் கேசட்டில் அன்றைக்கே வேறு பாட்டைப் பதிந்துவிட்டேன்.

காரியத்தன்று எல்லோரும் மெச்சினார்கள். அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல பறை ரொம்ப ஓங்கிக் கேக்குதுடா."

"அன்னைக்கே அப்படித்தாம்மா இருந்துச்சு."

"செரி" என்றார்.

அதற்கப்புறம் வெகு காலம் இருந்தார். அந்தக் குறையைப் பேச்சாக என்னிடம் சொல்லவே இல்லை. ஒப்பாரியில் சொல்லலாம், சோறு போட்டுக்கொண்டே எப்படிச் சொல்வார்?

அந்தக் கடை இன்று இல்லை, பெட்டிகளும் இல்லை. அம்மா செத்தபோது எங்கள் வீட்டில் ஒப்பாரி பாட ஆளில்லை. ஸ்பீக்கர் செட்டுக்காரர், யாரோ எங்கேயோ பாடி வைத்த ஒப்பாரியைப் போட்டார். பறைக்கு மேலே குரல் சுத்தமாகக் கேட்டது. கடைசிவரை நின்று கேட்டேன். என்னைத் திட்ட அதில் ஒரு வரி இல்லை.