படூருக்குப் போன தொட்டில்

காலை 6.10. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பள்ளியின் எல்.கே.ஜி. சேர்க்கை விளம்பரம். அதில் அப்பா, அம்மா, ஒரே ஒரு குழந்தை. அதன் கீழே நின்ற கல்பாக்கம் பேருந்தில் ஏறினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே என் அக்கா வீட்டுப் பரணில் எங்கள் குடும்பத் தொட்டில் இருந்தது. படூரில் இருக்கும் என் மகளுக்கு எட்டாம் மாதம். முப்பத்திரண்டு வயதில் முதல் பிள்ளை. “இது ஒண்ணுதாம்ப்பா” என்று முன்பே சொல்லிவிட்டாள். தொட்டிலை வந்து எடுத்துப் போகும்படி என்னைப் போனில் அழைத்தது அக்காவின் மருமகள் கலைவாணி.

எங்களில் ஒரு வழக்கம். இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறவரை தொட்டில் அந்த வீட்டிலேயே இருக்கும். வெளியே கொடுத்துவிட்டால், அங்கே முடிந்தது என்று பொருள். எங்கள் அம்மா ஐந்து பிள்ளைகளுக்குப் பிறகுதான் கொடுத்தாள். நான் இறங்கியதும் தங்கை ஏறினாள். தொட்டில் சங்கிலி கிறீச்சிடாத மத்தியானம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

7.25. மீன் சந்தையைத் தாண்டி இரண்டாவது தெரு. அக்கா வாசலிலேயே நின்றாள்.

“இன்னா தம்பி, தொட்டிலுக்கா வந்த? நாஸ்தா துன்னுட்டு சும்மா போ. இந்த வூட்ல அதுக்கு இன்னும் வேல கீது.”

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் கலைவாணி. கணக்கு ஆசிரியை. இரண்டு வயது நிலா அவள் இடுப்பில்.

“நான்தான் அத்த, மாமாவ வரச் சொன்னேன். நிலா ஒருத்தி போதும்.”

“எங்கம்மா அஞ்சு பெத்தா. நாத்து நட்டுகினே வளத்தா.”

“வளத்தது நீங்க அத்த. மூணாங் கிளாஸ்ல ஸ்கூல வுட்டு நிறுத்திட்டாங்க, இந்த மாமாவத் தூக்கிகினு திரிஞ்சேன்னு நீங்கதான சொன்னீங்க? நாள பின்ன நிலாவும் அப்பிடி ஒண்ணத் தூக்கணுமா?”

அக்கா என்னைப் பார்த்தாள். “அப்பவே நீ நல்லா கனமா இருந்தடா” என்றாள்.

கலைவாணி நிலாவை என்னிடம் தந்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கிய தொட்டிலை அக்காவே துடைத்தாள். தன் பழைய புடவை ஒன்றை மடித்து உள்ளே விரித்தாள்.

9.15. மாமல்லபுரம் வழியாகப் படூர் செல்லும் பேருந்து. வலப்புறம் சவுக்குத் தோப்புகளுக்கு இடையே கடல் தெரிந்து மறைந்தது. திருப்போரூரை ஒட்டி, அம்மா நாற்று நட்ட வயல்களில் இப்போது மனைக்கற்கள். களத்துமேட்டுப் புங்கமரம் மட்டும் இருக்கிறது. அதன் கிளையில் புடவையால் ஏணை கட்டி, கையில் கம்போடு அக்கா எங்களுக்குக் காவல் இருப்பாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

கண்டக்டர் தொட்டிலில் விரித்த புடவையை எட்டிப் பார்த்தார்.

“உள்ள பாப்பா எதுனா கீதா அண்ணாத்த?”

“இல்லை.”

“அப்ப லக்கேஜு போடணும்.”

ஒரு டிக்கெட் கிழித்துத் தந்தார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பேருந்துகளில் கட்டணம் கிடையாது.