விடியாத வழி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மாடியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். அதன்பிறகு நான் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் என் டிராவல்ஸ் கடை இருந்த கட்டடம் ஒரு விதவை அம்மாளுடையது. கீழே என் கடை, மாடியில் அவர் குடியிருப்பு. நான் அவரை ஓனர் அம்மா என்றே சொல்வேன். செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், பரம்பரையாகச் சமணர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வீட்டுக்குள் வராது. பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவார். இருட்டிய பின் மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர், அதுவும் துணியில் வடிகட்டியது. அதற்கு மேல் மறுநாள் சூரியனைப் பார்க்கும்வரை எதுவும் வாயில் படாது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்துக்கொண்ட நோன்பு அது. பிள்ளை பெற்ற அன்றுகூடத் தவறவில்லை என்று அவருடைய சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் கிறிஸ்தவன், ராத்திரி பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிடுகிறவன். "ஏம்பா, இந்த நேரத்துக்குத் துன்னா உங்க சாமி ஒண்ணும் கோச்சிக்காதா?" என்று கேட்பார். "தவக்காலத்துல மட்டுந்தாம்மா கோச்சிக்கும்" என்பேன். சிரித்துக்கொண்டே மாடியேறிவிடுவார்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்து தொழில் பழகினேன். பிறகு திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். வானூர், கிளியனூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வளைகுடா போகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நூறு ரூபாய் குறைந்தாலும் பெரிது. சென்னையில் இருந்த மொத்த ஏஜென்டை நச்சரித்து, எந்த ஊர் வழியாகப் போனால் விலை குறையும் என்று தோண்டித் துருவி எடுப்பேன். இரண்டு இடத்தில் இறங்கி ஏறினால் பரவாயில்லை, பத்து மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். 'அவன்கிட்ட போனா சீப்பா போட்டுக் குடுப்பான்' என்ற பேர் எனக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பேர் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

2006 முடிய இருந்த நேரம். அமெரிக்காவில் இருந்த ஓனர் அம்மாவின் ஒரே மகளுக்கு ஜனவரியில் பிரசவம். அம்மா டிசம்பர் நடுவில் கிளம்ப வேண்டும். முதல் விமானப் பயணம், ஆங்கிலம் தெரியாது, அறுபது வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் வேறு. என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சென்னையில் நடுராத்திரிக்குமேல் கிளம்பி, ஐரோப்பாவில் காலையில் இறங்கி, நிதானமாக மத்தியானம் அடுத்த விமானம் பிடிப்பது. எல்லாரும் போகிற வழி. இன்னொன்று, சென்னையில் இரவு ஏழரைக்குக் கிளம்பி, வளைகுடாவில் மாறி, விடிகாலை ஐந்து மணிக்கு ஐரோப்பாவில் இறங்கி, ஆறே முக்காலுக்கு அமெரிக்க விமானத்தில் ஏறுவது. இது பன்னிரண்டாயிரம் ரூபாய் குறைவு. ஆனால் அன்று மாலைக்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் அந்த விலை போய்விடும் என்றார் சென்னை ஏஜென்ட். நான் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது ஓனர் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, வழியில பொழுது இருக்குமாப்பா? நான் சாப்புடணும் இல்ல" என்று கேட்டார். நான் போனிலிருந்து காதை எடுக்காமலே, "அதெல்லாம் நான் பாத்துக்கறேம்மா" என்று கையை ஆட்டினேன். "நீயே பாத்துப் போடுப்பா" என்று மாடிக்குப் போய்விட்டார்.

நான் எல்லாம்தான் பார்த்தேன். எந்த விமானத்துக்கும் எந்த விமானத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். பெட்டி நேராகப் போய்ச் சேருமா என்று பார்த்தேன். ஆங்கிலம் தெரியாத வயதானவர்களுக்குச் செய்வதுபோல வீல்சேர் கேட்டு எழுதினேன். தள்ளுகிறவர் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் தவறாமல் கொண்டு சேர்த்துவிடுவார். "நல்லா நடக்கிற மனுஷிய நொண்டி ஆக்கிட்டியே" என்று அவர் கோபித்துக்கொண்டார். சூரியனை மட்டும் பார்க்கவில்லை.

கிளம்பிய அன்று நானும் காரில் கூடப் போனேன். ஐந்து மணிக்குள் விமான நிலையம் போய், கை கால் கழுவி, ஓர் ஓரமாக உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதாகத் திட்டம். அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது. நாலரை மணிக்கு அவர் கைப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்தார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரை. தண்ணீர் பாட்டிலை நான்தான் திறந்து கொடுத்தேன். "அப்டியே கார்லயே சாப்ட்டுடுங்கம்மா" என்றேன். "கை காலு கழுவாம எப்படிப்பா? போயிட்டு சாப்டறேன்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. என் கவலையெல்லாம் விமானத்தைப் பற்றித்தான். போய்ச் சேரும்போது ஐந்தரை தாண்டிவிட்டது. அடித்துப் பிடித்து உள்ளே அனுப்பினேன். கண்ணாடிக்கு அப்பால் நீண்ட வரிசையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு வீல்சேரில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வானத்தைப் பார்த்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் இன்றைக்குச் சாப்பிடப்போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வரும்போது காரில் கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். வளைகுடாவில் ராத்திரி, சரி. ஐரோப்பாவில் ஐந்து மணிக்கு இறங்குகிறார். ஆறு மணிக்குப் பொலபொலவென்று விடிந்துவிடும். ஆறே முக்கால் விமானத்துக்குள் தாராளமாக நாலு வாய் சாப்பிட்டுவிடலாம். ஒருவேளைதானே, நோன்பிருந்து பழகிய உடம்பு, தாங்கும். உலகத்தில் எல்லா ஊரிலும் திண்டிவனத்தில் விடிகிற நேரத்துக்கே விடியும் என்று நினைத்த முட்டாள் நான். பதின்மூன்று வருஷம் ஊர் ஊராக டிக்கெட் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்த உடனே ஓனர் அம்மாவின் மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே ராத்திரி, தூக்கம் வரவில்லையாம். "அம்மா இந்நேரம் எறங்கியிருப்பாங்க இல்லண்ணா?" என்றாள். "எறங்கியிருப்பாங்கம்மா. விடிஞ்சதும் சாப்ட்டுட்டு ஏறிடுவாங்க" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, டிசம்பர்ல அங்க விடியறதுக்கு எட்டு எட்டரை ஆவும்ணா." நேற்று மாத்திரை போட்டதையும் சாப்பிடாமல் போனதையும் நான் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அம்மா மாத்திரைய மட்டும் மணி பாத்து கரெக்டா போட்டுக்குவாங்கண்ணா. நம்மூரு டைமுக்குத்தான் வாட்ச் கட்டிக்கினு இருப்பாங்க."

விஷயம் அதுதான். மாத்திரை கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு சூரியனைப் பார்த்து. நம் ஊரில் இரண்டும் கைகோத்துப் போகும், ஒரு வம்பும் இல்லை. நான் போட்ட வழியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, சூரியனைக் காணோம். சாப்பிடாத வயிற்றில் நேற்று மாலை ஒரு மாத்திரை, நம் ஊர்க் காலைக்கு இன்னொன்று. சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வார்? எந்தப் பாஷையில் சொல்வார்? மகள் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, செய்தி அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்களாம். அதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. நான் சென்னை ஏஜென்டைக் கூப்பிட்டு, பறக்கும்போதாவது விடியுமா என்று கேட்டேன். அவர் பலமுறை போய் வந்தவர். "டிசம்பர்ல அந்த ஃப்ளைட்டா? வடக்கால சுத்திக்கினு மேற்க போவும் சார். ராத்திரியும் கூடவே வரும். எறங்கறப்பதான் வெளுக்கும்" என்றார். இறங்குவது நம் நேரத்துக்கு ராத்திரி ஏழே கால். அப்போது மணி பதினொன்றரை.

அன்றைக்கு அடித்த வெயிலை நான் மறக்க மாட்டேன். டிசம்பரில் அப்படி ஒரு வெயில். கடை வாசலில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் ஏற்றிய வண்டி நின்றது, ஆட்கள் வேர்த்து வழிந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தோன்றியது. ஒரு ஆளுக்கு மஸ்கட் டிக்கெட்டைத் தேதி மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினேன். மத்தியானம் வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. "நீங்க துன்னாம கெடந்தா அவங்க வயிறு ரொம்பிடுமா?" என்றாள் என் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எழுந்து வந்துவிட்டேன். கடைக்கு வந்து அந்த வழியை மறுபடி மறுபடி பார்த்தேன், பார்த்தால் மாறிவிடும் என்பதுபோல. சாயங்காலம் ஐந்தரை ஆனது. மாடியில் சத்தமில்லை. அவர் காலையில் பார்க்க வேண்டிய சூரியன் எங்கள் ஊரில் அஸ்தமித்துக்கொண்டிருந்தது, அவர் இன்னும் நேற்றைய ராத்திரிக்குள்ளேயே இருந்தார்.

ராத்திரி எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. "வந்துட்டாங்கண்ணா" என்றாள் மகள். வழியில் பாதி தூரத்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டாராம். விமானத்திலேயே ஒரு டாக்டர் இருந்திருக்கிறார். பைக்குள் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பழரசத்தில் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றி, பிறகு ரொட்டியும் ஊட்டியிருக்கிறார்கள். முதல் இரண்டு மடக்கு நினைவில்லாமல் உள்ளே போயிருக்கிறது. மீதியை நினைவோடுதான் குடித்திருக்கிறார். "ஜன்னலப் பாத்தாங்களாம், கும்மிருட்டாம். அப்புறமும் குடிச்சேன்டின்னு சொல்லி அழுவறாங்க. பயந்துட்டேன், புள்ள மூஞ்சியப் பாக்காம போயிடுவேனோன்னு பயந்துட்டேன்னு சொல்றாங்க." போனை வைக்குமுன் சொன்னாள். "இத மட்டும் ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா."

ஜூன் மாதம் திரும்பி வந்தார். போக வரச் சேர்த்தே எடுத்த டிக்கெட், அதே மலிவு வழிதான். கோடையில் அந்த வடக்குப் பக்கமெல்லாம் பொழுதே சாயாதாம், வழி முழுக்க வெளிச்சம். பார்க்க வந்தவர்களால் மாடி நிறைந்திருந்தது. நானும் போனேன், எல்லோரும் போன பிறகு காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று. விழுப்புரத்திலிருந்து அவருடைய நாத்தனார் வந்திருந்தார். நோன்பு, நியமம் எல்லாவற்றிலும் கெடுபிடியானவர். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் அண்ணி, அவ்ளோ தூரம் போனீங்களே, போவும்போது பொழுதோட சாப்புட முடிஞ்சிதா? நோன்பு ஒண்ணும் தவறலியே?" என்று கேட்டார். ஓனர் அம்மா பேத்திக்குப் பின்னிக்கொண்டிருந்த நூலைப் பார்த்தார். பொய் சொல்லாமையும் அவர்களுக்கு ஒரு விரதம் என்று எனக்குத் தெரியும். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "எனக்கு அந்த ஊரு நேரமெல்லாம் இன்னா தெரியும்? டிக்கெட்டு போட்டது இந்தத் தம்பிதான். எங்க எப்ப விடியும்னு அதுக்குத்தான் தெரியும். அதக் கேளு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நல்ல வெயிலுங்க" என்றேன். "அம்மாவுக்குன்னே பாத்துப் போட்டேன். வழி முச்சூடும் பகல்தான்." நாத்தனாருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, கிறிஸ்தவப் புள்ள, எவ்ளோ பொறுப்பா போட்டுக் குடுத்திருக்குது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் கிளம்பியபோது ஓனர் அம்மா படி வரைக்கும் வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அடுத்த தபா காசு சேத்து ஆனாலும் பரவால்ல தம்பி, வெயிலு இருக்கிற வழியா போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தன் நோன்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்னைக் கேட்கச் சொன்னாரா, இல்லை ஊர் முன்னால் என்னைக் காப்பாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாதத்திலிருந்து, தவறிய நோன்புக்குப் பிராயச்சித்தம்போல, பட்டினி நாட்களை அவர் கூட்டிக்கொண்டது மட்டும் தெரியும். சில சாயங்காலங்களில் ஐந்தரைக்கு மாடியில் தட்டுச் சத்தம் கேட்காது. அந்த நாட்களில் நான் கடையில் நிம்மதியாக உட்கார முடிந்ததில்லை.

இப்போது அவர் இல்லை. டிக்கெட் போட என்னைப் போன்றவர்களும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. போனில் ஊரைத் தட்டினால் மலிவான வழிதான் முதலில் வந்து நிற்கிறது. யாராவது பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து காட்டி, இது நல்ல வழியா அண்ணா என்று கேட்டால், நான் விலையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஊரிலும் அன்றைக்கு எப்போது விடிகிறது என்று பார்க்கிறேன், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எப்போது சாப்பிடுவார்கள் என்று கேட்கிறேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். ஒரு மனுஷி கேட்ட கேள்விக்குக் காது கொடுக்காமல் கையை ஆட்டிய பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். போதும்ப்பா, அதை மன்னித்தாகிவிட்டது என்று அவரே அலுத்துக்கொண்டார். நாத்தனாரிடம் சொன்ன பொய்யை மட்டும் நான் இதுவரை சொன்னதில்லை. அதற்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம்.