முனை தேய்ந்த ஈக்கள்

எங்கள் லிங்கநகர் வீட்டில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். அது என் கணவரின் தாயாருடையது. ஈ என்றால் மாமிக்கு ஆகவே ஆகாது. குசினிக்குள் ஒன்று நுழைந்தாலும் அதைக் கலைத்துவிட்டுத்தான் சோறு போடுவா. நான் ஆராய்ச்சி செய்யும் ஆய்வுகூடத்துக் குளிரூட்டி பழுதானபோது, வெக்கை தாங்காத என் பழ ஈக்களை அவவின் அறையில்தான் வைக்க வேண்டி வந்தது.

"மற்றச் சனம் ஈயைக் கலைக்குது. எங்கடை மருமகள் சாப்பாடு போட்டு வளர்க்கிறா," என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னா. என்னிடம், "ஒண்டு வெளியிலை வந்தாலும் எல்லாம் குப்பையிலைதான் பிள்ளை," என்றா.

பஞ்சால் அடைத்த குப்பிகளைத் தட்டில் அடுக்கி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதிலே ஒரு குப்பி எனக்கு உயிர். என் ஈக்களில், மரபைச் சுமக்கும் இழைகளான நிறமூர்த்தங்களில் ஒன்று முனை முறிந்தது. தலைமுறைக்குத் தலைமுறை அந்த முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முனையை நீட்டிக் கொடுக்க எங்கள் உடலில் ஒரு நொதியம் உண்டு. இந்த ஈயிடம் அது இல்லை. அதற்காக அதன் உயிர்க்கலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாது. முறிந்த இடத்தைப் புரதங்களால் மூடிக் காக்கும். பிறகு எப்போதாவது, தன்னைத்தானே படியெடுத்து இடம் மாறித் திரியும் மரபுத் துண்டொன்று வந்து அந்த முனையில் ஒட்டிக்கொள்ளும். என் ஈக்களில் தேய்வு உடல் நிறத்துக்கான இடத்தை எட்டியிருந்ததால் எல்லாமே மஞ்சள். முனை திரும்ப நீண்டால் கருமை திரும்பக்கூடும்.

அந்தக் குப்பியில்தான் அப்படி ஒரு கறுத்த பெண் ஈயைக் கண்டேன்.

"வெளியிலையிருந்து பூந்ததாயிருக்கும்," என்றார் என் மேற்பார்வையாளர்.

"கண்ணைப் பாருங்கோ சேர்," என்றேன். வாழைக்குலையில் மொய்க்கும் ஈக்குச் சிவப்புக் கண். என்னுடையவற்றுக்கு வெள்ளை. இதற்கும் வெள்ளைதான்.

"சரி, பிள்ளையளிலையும் கறுப்பு வரட்டும். ஒண்டை வச்சு ஒண்டும் சொல்லேலாது."

அந்த ஈ முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போனது. அந்தக் குப்பிக்குள் நெளிந்த அதன் புழுக்கள்தான் மிச்சம். அவையும் போனால் இன்னொன்று கிடைக்க வருடக்கணக்காகலாம்.

ஒரு பகல், ஈத்தீனிக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினால் எங்கள் ஒழுங்கை முழுக்க டெங்குப் புகை. நுளம்புக்கு அடிக்கிற மருந்து ஈயை விடுமா? பையைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமியின் அறை திறந்து கிடந்தது. தட்டைக் காணவில்லை. கொட்டிவிட்டா என்றே நினைத்தேன். குப்பை வாளியைக் கவிழ்த்துக் கிளறினேன்.

பக்கத்து வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினா: "மாமி தட்டோடை ஓட்டோவிலை ஏறிப் போட்டா. நகைக்கடைக்காம்!"

நாங்கள் வழக்கமாகப் போகும் நகைக்கடைக்கு ஓடிக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். ஏசிக்கு நேர் கீழே கதிரை போட்டு மாமி இருந்தா. மடியில் தட்டு, அதன் மேல் சேலைத் தலைப்பு. முன்னால் சங்கிலிகள் விரிந்து கிடந்தன.

"இதைவிடப் பாரம் குறைஞ்சது இருக்கோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. வாங்கும் எண்ணம் துளியும் இல்லை என்பது கடைக்காரருக்கும் விளங்கியிருக்கும்.

என்னைக் கண்டதும், "புகை அடங்கீட்டுதோ?" என்றா.

"புகைக்குத் தப்பக் கடற்கரைக்குப் போகாமல் ஏன் மாமி இஞ்சை வந்தனீங்கள்?"

"குளிர் வேணுமெண்டுதானே என்ரை அறையைப் பிடிச்சனீ. கடற்கரையிலை ஆர் ஏசி போட்டு வச்சிருக்கினம்?"

அந்தக் கடைக்குள் நின்றே அழுதேன். வெட்கமாகவும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் புழுக்களின் கூடுகள் திறந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கறுத்த உடல், வெள்ளைக் கண். ஒன்றல்ல, பல. மாமியைக் கூப்பிட்டு, முறிந்த முனையில் துண்டு ஒட்டிய கதையைச் சொல்லிக் காட்டினேன்.

"அப்ப ஒட்டினது நிண்டிட்டுது," என்றா.

"ஓம் மாமி. ஆனால் திரும்பத் தேயும்."

"திரும்ப ஒட்டுமோ?"

"ஒட்டும். எப்ப எண்டு சொல்லேலாது."

மாமி நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப உங்கடை குளிரூட்டி திருத்தினாலும் ஒரு தட்டு என்ரை அறையிலை கிடக்கட்டும்."